புளியரை இறக்கம்

அண்ணன் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த வருடம் எனக்குப் பத்து வயது, அவனுக்குப் பதினெட்டு. அந்தப் பந்தயத்துக்காக எங்கள் வீட்டில் அதிகம் பாடுபட்டது யார் என்று கேட்டால் கூச்சமில்லாமல் நான்தான் என்று சொல்வேன். அவன் பயிற்சி எடுத்த இரண்டு மாதமும் கேரியரில் பாரமாக உட்கார்ந்திருந்தவள் நான்.

சங்கரன்கோவிலில் புறப்பட்டு, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை போய், அங்கிருந்து மலையேறி, கேரள எல்லையில் ஒரு ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். போக வர எண்பது மைலுக்கு மேல் இருக்கும். ஊரில் சில வாலிபர்கள் சேர்ந்து நடத்தினார்கள். கியர் வைத்த சைக்கிளை அவர்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பால்காரரும் தபால்காரரும் மிதிக்கிற அதே கனத்த வண்டியில்தான் எல்லோரும் மலையேறப் போகிறார்கள்.

அண்ணன் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாள் கணக்கில் யோசித்தான். பின்சக்கரத்தில் இருந்த பதினெட்டுப் பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு இருபத்திரண்டு பல் போட்டான். மேட்டில் மிதிப்பது லேசாகும், அதற்கு விலையாகச் சமதளத்தில் கால் பறக்க வேண்டும். மட்கார்டு, செயின் கவர், டைனமோ, பெல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றி, பழைய டியூபைக் கீறித் தண்ணீர் பாட்டிலை ஹேண்டில்பாரோடு இறுக்கிக் கட்டினான். பஞ்சரானால் டியூப் மாற்றுவதற்கும் பழகினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். முதல் நாள் தொள்ளாயிரம் ஆனது. பிறகு முந்நூறுக்குள் முடித்தான்.

கேரியரை மட்டும் பந்தயத்துக்கு முந்தின நாள்வரை கழற்றவில்லை. தினமும் விடிந்ததும் மடியில் அரைச் சாக்கு மணலோடு என்னை ஏற்றிக்கொண்டு மேலநீலிதநல்லூர் ரோட்டில் எதிர்காற்றில் மிதிப்பான். வாய்ப்பாடு மனப்பாடம் செய்யப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பதினாறாம் வாய்ப்பாடு இன்றும் எனக்குப் பிசகாது.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. பேசிக்கொண்டே மிதித்தவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான்.

"ஏட்டி, ரப்பர் கருகுத வாசனை வருதா?"

"இல்லையேண்ணே."

வண்டி நேராகப் போவதை விட்டுவிட்டு ரோட்டோரப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தது. நான் மணல் சாக்கோடு ஒரு பக்கம் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அண்ணன் மல்லாந்து கிடந்தான். கண்கள் மேலே செருகியிருந்தன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. நான் போட்ட சத்தத்தில் தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்தார். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தொரட்டியின் அரிவாளைக் கழற்றி அதன் காம்பை அவன் உள்ளங்கையில் திணித்தார்.

"பயப்படாத தாயி. இரும்பு கையில இருந்தா அடங்கிரும்."

இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பின்னாளில் டாக்டர் சொன்னார். ஆனால் அன்று கொஞ்ச நேரத்தில் அடங்கத்தான் செய்தது. அண்ணன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரும் பாத்தாங்களா?" என்பதுதான். பெரியவர் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"வீட்டுல சொல்லிருவோம்ண்ணே" என்று அழுதேன்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சைக்கிளத் தொட உடமாட்டாங்க. கெணத்துப் பக்கம் போகாத, தறிப் பக்கம் போகாதன்னு மூலையில உக்கார வச்சிருவாங்க. ஊருல எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாப்பாங்க. கோமதியம்மன் மேல சத்தியம் பண்ணு, யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு."

சத்தியம் பண்ணினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தினமும் கேரியரில் ஏறி உட்கார்ந்து, அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் மூக்கை உறிஞ்சுகிறானா என்று காது கொடுத்துக்கொண்டே போவேன். அவன் சளி சிந்தினால்கூட எனக்கு உயிர் போய்த் திரும்பும். ஒரே ஆறுதல், மறுபடி அது வரவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் அப்பா ஓர் ஆச்சரியத்தைக் கொடுத்தார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன விசைத்தறிக் கூடம் இருந்தது. ஆடித்தபசுத் திருவிழா அன்று தவிர அப்பா அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நாளைக்குத் தறி ஓடாது. வேன்ல நானும் வாரேன்" என்றார். பந்தயக்காரர்களுக்குப் பின்னால் தண்ணீரோடு ஒரு வேன் போக ஏற்பாடாகியிருந்தது.

அண்ணன் முகம் சுருங்கியது. "நீங்க எதுக்குப்பா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"மலையப் பாத்து நாளாச்சில்லா" என்றார் அப்பா.

எல்லையில் எலுமிச்சைத் தண்ணீரை என் கையால்தான் வாங்குவேன் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொன்னதால் எனக்கும் வேனில் இடம் கிடைத்தது.

காலை ஆறு மணிக்குத் தேரடியில் பதினான்கு பேர் புறப்பட்டார்கள். தென்காசி தாண்டியதும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. சாரல் காலம். முதலில் பாய்ந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். அண்ணன் ஹேண்டில்பாரோடு குனிந்து ஒரே சீராக மிதித்தான். புளியரையில் ஒன்பதாவதாக இருந்தவன், மலை வளைவுகளில் ஆறு பேரைத் தாண்டினான். பாதிப் பேர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவன் இறங்கவே இல்லை. இருபத்திரண்டு பல்லும் நானும் மணலும் வீண் போகவில்லை என்று எனக்குக் கொஞ்ச நேரம் பயமே மறந்துவிட்டது.

எங்கள் வேன் முன்னால் போய் எல்லையில் நின்றது. அங்கே சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசையாக நின்றன. அண்ணன் மூன்றாவதாக வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் சாரலும் வியர்வையும். ரிப்பனை மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். என் கையிலிருந்து தம்ளரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தான். மூன்றாவது மடக்குக்கு முன்னால் நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான்.

"ஏட்டி, ஏதோ கருகுத வாசனை வருதா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தம்ளரை என் கையில் திணித்துவிட்டு வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டுவிட்டான்.

நான் அப்பாவிடம் ஓடினேன். கோமதியம்மன் என் கண்ணைக் குத்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, அண்ணனுக்கு வலிப்பு வருதுப்பா. அன்னைக்கு ரோட்டுல விழுந்துட்டான். இப்படித்தான், கருகுத வாசனை வருதான்னு கேட்டுட்டுத்தான் விழுந்தான். இப்பவும் கேட்டான்ப்பா!"

அப்பா பதறவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"வலிப்பு எனக்குத் தெரியும் மக்கா" என்றார் மெதுவாக. "போன வருசம் தறிக்கூடத்துல விழுந்தான். நான்தான் பாத்தேன். முழிச்சப்ப நான் பக்கத்துல இல்ல. நான் பாத்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்னு வெளிய போயிட்டேன்."

அவருடைய வலது கை மூடியே இருந்தது. விரல்களைத் திறந்தார். தறிக்கூடத்தின் பெரிய இரும்புச் சாவி. சங்கரன்கோவிலில் இருந்து அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். உள்ளங்கையில் சாவியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அப்ப நிப்பாட்டுங்கப்பா. முன்னால போயி நிப்பாட்டுங்க."

அப்பா லாரிகளைப் பார்த்தார். மலையேறி வந்த லாரிகளும் இறங்கி வந்த லாரிகளும் இருந்தன. பிரேக் சூடானால் கருகல் வாசனை வரும். அது எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவுக்கு வாசனை தெரியாது. இருபது வருடத் தறிப் பஞ்சில் அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அவர் என் உயரத்துக்குக் குனிந்தார்.

"அவன் சொன்ன வாசனை உனக்கு வருதாட்டி?"

மூன்று நாளாக எனக்கு ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்திருந்தன. நான் உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் வேன் முந்திப் போய் அண்ணனை நிறுத்தும். எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிடும். மூன்றாவதாக வந்தவனை மூலையில் உட்கார வைப்பார்கள். அப்பாவின் கண்களை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வருதுப்பா" என்றேன். "லாரி பிரேக்கு."

அப்பா மூச்சை விட்டார். டிரைவரைப் பார்த்து, "வண்டிய எடுங்க அண்ணாச்சி. பையன் பின்னாலயே போங்க, முந்த வேண்டாம்" என்றார்.

அந்த இறக்கத்தை இப்போது காரில் போனால் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். அன்று அது முடியவே இல்லை. ரோடு நனைந்திருந்தது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அது கிரீச்சிடும் சத்தம் வேனுக்குள் கேட்டது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தது. அண்ணன் ரோட்டின் விளிம்புக்குப் போனான். பின்சக்கரம் வழுக்கி ஒரு முழம் விலகி மறுபடி நேரானது. அடுத்த வளைவில் ஒரு கையை எடுத்தான். நான் கத்திவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை மறுபடி வைத்துக்கொண்டான். நான் பொய் சொன்னேன், நான் பொய் சொன்னேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வளைவு வந்தது, வாய் மூடிக்கொண்டது.

மலை முடிந்து வயல் தெரிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்த அதே நேரம் அண்ணனின் வண்டி தள்ளாடியது. ரோட்டை விட்டு இறங்கி வரப்போரம் போய் நின்றது. அவன் கீழே குனிந்தான்.

வேன் நிற்பதற்குள் அப்பா குதித்துவிட்டார். வேட்டி காலைத் தட்டத் தட்ட ஓடினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"அப்பா! தொடாதீய! யாரும் தொட்டா என்னையப் பந்தயத்துல இருந்து எடுத்துருவாங்க!"

அண்ணனின் குரல்தான். கண்ணைத் திறந்தேன். பின்சக்கரம் பஞ்சர். அவன் ஏற்கெனவே டயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அப்பா மூன்றடி தள்ளி, சாவி இருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பையனைப் போல நின்றார்.

"நீங்க எதுக்கு எறங்குனீய? வேன்ல ஏறுங்கப்பா!"

"சரிடே, சரிடே" என்றார் அப்பா.

நான் ஜன்னல் வழியே சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். அண்ணன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். இருநூற்று எழுபதில் அவன் மறுபடி ஏறி உட்கார்ந்தபோது மூன்று பேர் அவனைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவர்களை அவனால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. தேரடிக்கு ஆறாவதாக வந்து சேர்ந்தான். மாலை முதல் மூன்று பேருக்குத்தான். அவன் வெறுங்கழுத்தோடு, மாலை போட்டவர்களைவிடச் சந்தோஷமாக நின்றான்.

அன்று அவனுக்கு எதுவும் வரவில்லை. அவன் முகர்ந்தது நிஜமாகவே லாரி பிரேக்தான் போலிருக்கிறது. அடுத்த வாரம் அப்பா அவனைப் பாளையங்கோட்டைக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். பேச்சை எப்படி ஆரம்பித்தார் என்று இருவருமே எனக்குச் சொன்னதில்லை. பல வருடம் மாத்திரை சாப்பிட்டான். பிறகு அது வரவே இல்லை.

அந்தச் சாயங்காலம் தேரடியிலிருந்து நாங்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். அண்ணன் கூட்டாளிகளோடு முன்னால் போய்விட்டான். நான் தும்மினேன். அப்பா நின்று, தோளில் கிடந்த துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"இன்னும் அடைப்பு விடலியோ?" என்றார். "முந்தாநாள் வேது பிடிச்சும் கேக்கலயே."

பொய் பிடிபட்டுவிட்டது என்றே நம்பினேன். அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். தப்பித்தோம், அப்பாவுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் கொதிக்கிற பானைக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, போர்வையைப் போர்த்தி, மூச்சை இழு, இழு என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். மலைமேல் பத்தடி தள்ளி நல்ல மூக்கோடு டிரைவர் நின்றிருந்தார். அவரைக் கேட்காமல் அப்பா ஏன் என்னிடம் கேட்டார் என்பது, என் மகன் பெரியவனாகிற வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.