ஸ்ரீரங்கத்துக்குப் பில் இல்லை: எம்.எல்.ஏ. மச்சானோடு ஒரு நாள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, திருச்சியில் சட்டமன்றக் குழுவின் ஆய்வுக் கூட்டம். குழுவில் என் மனைவியின் அண்ணனும் உண்டு, முதல்முறை எம்.எல்.ஏ. அவரோடு துணைக்கு ஒருவர் அரசு பஸ்ஸில் இலவசமாகப் போகலாம். அந்த ஒருவராக இருக்க எனக்குள்ள ஒரே தகுதி, வீட்டில் என்னை யாரும் தேடமாட்டார்கள் என்பது.

காலை 7.30-க்குப் புதுக்கோட்டையில் ஏறி 9.10-க்கு இறங்கினோம். செலவு பூஜ்யம். அங்கே ஒரு வாடகைக் கார். ஓட்டியவர் செல்வம், சொந்த வண்டி, சொந்த பில் புத்தகம். கூட்டம் முடிந்து, சாப்பிட்டு, 3.30-க்கு ஸ்ரீரங்கம் கிளம்பினோம். ஒன்பது கிலோமீட்டர். பொது வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். ‘யாரென்று சொல்லுங்களேன்’ என்று கண்ணால் ஜாடை காட்டினேன். மச்சான் தூணில் இருந்த யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதுதான் செல்வம் வாய் திறந்தார். திருவெள்ளறை தாண்டி அவர் ஊர். சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். பிளஸ் டூ படிக்கும் மகள், இவர் சவாரி முடித்து வரும்வரை தினமும் நிறுத்தத்தில் தனியாக நிற்கிறாள். 

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் காசு வாங்க மறுத்தார். ஒரு மனுவையும், கையெழுத்து மட்டும் போட்ட வெற்று பில்லையும் நீட்டினார். “கிலோமீட்டர நீங்களே போட்டுக்கங்க சார்.”

ராமேஸ்வரம் வரைக்கும் போடலாமே என்று மச்சான் காதில் ஓதினேன். அவர் முறைத்தார். குழு வேலைக்குப் போன தூரத்துக்குத்தான் பயணப்படி, பெருமாளுக்குக் கிடையாது, ஓசிக் காருக்கு அறவே கிடையாது. பில்லில் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று எழுதினார். அதற்கு ஐந்நூறு, கோயிலுக்குத் தனியாக எழுநூறு என்று நீட்டினார்.

செல்வத்தின் முகம் சுருங்கிவிட்டது. “காசக் குடுக்குறீங்க. அப்ப மனுவ வாங்க மாட்டீங்களா சார்?”

“நீங்க காச வாங்கலன்னாத்தான் செல்வம், நான் இத வாங்க முடியாது.”

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். மச்சான் மனுவை நின்றபடியே படித்தார். இது தன் தொகுதி இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் தானே கொடுத்துப் பேசுவதாகவும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதிக நேரம் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது.

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். கார் பில்லில் தூரத்தை ஓட்டுநரையே எழுதச் சொல்லுங்கள். திருவெள்ளறை தாண்டிப் போவதானால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். அந்த பஸ் இன்னும் வரவில்லை. மச்சான் இதுவரை மூன்று முறை பேசியிருக்கிறார்.