வேளிக் காயலில் போன வழியே திரும்புவது

ஆரியசாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாகத் தார்ப்பாய் வியாபாரம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போன லாரிகளில் பாதி, என் கடைத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டுதான் போயின. பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் செய்கிறேன். அடித்துக்கொள்ள அவர்களிடம் என்ன இருக்கிறது?

வேளிக் காயலோரத்தில் பாய்ப்பலகை ஓட்டக் கற்றுத்தரும் கொட்டகை ஒன்று வந்தது. அதற்குத் தார்ப்பாய் கட்டப் போன இடத்தில்தான் பார்த்தேன். ஒரு நீளப் பலகை, நடுவில் கம்பம், கம்பத்தில் பாய். நின்றபடி பாயைப் பிடித்தால் காற்று கொண்டுபோகும். இதற்கு ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூக்கில் வெள்ளைப் பசை அப்பி வந்து, ஏறிய உடனே தொப்பென்று விழுந்தார்கள். விழுந்ததையும் செல்போனில் படம் பிடித்தார்கள். துணி என்றால் என்ன, காற்று என்றால் என்ன என்று தெரியாத கூட்டம். காட்டித் தருகிறேன் என்று ஏறினேன்.

முதலில் விழுந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு பாய் நிறைந்து, பலகை தண்ணீரைக் கிழித்து ஓடியது. இந்த வயதில் தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். அக்கரை வந்துவிட்டது, திரும்பத் தெரியவில்லை. மோட்டார் படகு வந்து கட்டி இழுத்துப் போனது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்குள் எனக்குப் பித்து ஏறிவிட்டது. கடைவாசலில் தொங்கும் தார்ப்பாய் லேசாக ஆடினாலும், வந்த ஆளிடம் விலை சொல்ல மறந்துபோனேன்.

கற்றுத்தருகிறவன் முகத்துக்கு நேரே சொன்னான்: "அண்ணாச்சி, இனி ஒரு தடவ போட் வந்து இழுத்தா, பின்ன தண்ணில எறக்க மாட்டேன். வயசாளுகள வெச்சு ரிஸ்க் எடுக்க முடியாது, கேட்டோ."

அதைவிட எரிச்சல், அங்கே வரும் ரிட்டயர் ஆன அதிகாரி. கையுறை போட்ட கனவான். ஆயுசு முழுக்க நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த ஆள், போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்குவார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, லோடு மூடுற மாதிரில்ல பிடிக்கீங்க. இது லாரி இல்ல."

அன்று நடுக்காயலில் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. என் கை இன்னும் இறுக்கிப் பிடித்தது. காற்று உள்ளே புகுந்தால் தார்ப்பாய் கிழியும், இறுக்கு என்றுதான் இந்தக் கைக்குத் தெரியும். பலகை அக்கரைப் பக்கம் பாய்ந்தது. பின்னால் மோட்டார் படகு உறுமிக் கிளம்பியது. இனி எனக்குக் காயல் இல்லை என்று நினைத்ததும் பாயின் பின்பக்கத்தைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டேன். கிழியட்டும் என்றுதான் விட்டேன். பாய் காற்றைக் கக்கியது, பலகை அடங்கியது. பாயைப் பின்னால் சாய்த்தேன். பலகையின் மூக்கு தானே காற்றுப் பக்கம் திரும்பியது. கம்பத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அடி வைத்து மறுபக்கம் போய் நின்றேன். கோணலும் மாணலுமாக இக்கரை நெருங்கி வந்தது. படகுக்காரனைக் கிட்டே வராதே என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

கொட்டகைக்கு வெகுதூரம் தள்ளி, ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள்தான் முட்டினேன். அதிகாரி நடந்து வந்து, கொட்டகை இங்கேயா இருக்கிறது என்று கேட்டார்.

"படகு இழுத்துதா? இல்லல்லா? அப்ப சும்மா இரும்" என்றேன்.

அவர் பின்னாலேயே வந்த கற்றுத்தருகிறவன் தலையை ஆட்டினான். "சரி, அண்ணாச்சி நாளைக்கும் வரலாம்."

"நாளைக்கு எதுக்கு? வெயில் இன்னும் கெடக்கு" என்று பலகையைத் தண்ணீருக்குத் திருப்பினேன்.