இல்லாத கண்ணாடி

மூத்தோர் ஓட்டப் போட்டிக்காக நானும் பக்கத்து வீட்டு வள்ளியும் செக்காலைப் பக்கத்து மைதானத்தில் ஒரு மாதம் பழகினோம். தரையில் விரித்த கயிற்று ஏணியின் கட்டங்களில் சேலையைச் செருகிக்கொண்டு கால் மாற்றி ஓடுவோம். ஒருநாளும் அவள் என்னை முந்தியதில்லை.

போட்டி அறிவிப்பு வந்தது. வாசிக்கத் திணறுவேன் என்று சொல்ல வெட்கம். "கண்ணாடிய மறந்துட்டேன், நீ படி வள்ளி" என்றேன்.

"பத்து மணிக்காம்க்கா."

ஒன்பதரைக்கே போய் நின்றேன். எங்கள் ஓட்டம் எட்டு மணிக்கே முடிந்திருந்தது. வள்ளியின் கழுத்தில் பதக்கம்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"நீங்க ஓடுனீகன்னா நான் எப்படிக்கா செயிக்கிறது? கண்ணாடியப் போட்டு நீங்களே படிக்க வேண்டியதுதான?" என்று சிரித்தாள்.

எனக்குக் கண்ணாடியே கிடையாது. அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது அறிவிப்புகளை நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அரை மணி நேரம் ஆனாலும் யாரையும் கேட்பதில்லை.