நான் போட்ட டிக்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நான் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் எங்கள் தெருவுக்கு அதிகாரியாக இருந்தேன். மலேரியாவை ஒழிக்க ஊர்க்காரர்களும் சேர வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசிய சுகாதாரப் பணியாளர் அக்கா, தெருவுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, கொசுப் படம் போட்ட பேட்ஜைக் குத்திவிட்டார். சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, தேங்காய்ச் சிரட்டையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வீட்டு சாச்சியிடம், "தொட்டியத் தொறந்து போட்டிருக்கீங்களே, இது என்ன பழக்கம்?" என்று அதட்டியிருக்கிறேன். அவர் கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி, "இந்தா மூடிருதேன் மேடம்" என்றார்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது மும்பையிலிருந்து மாமா வந்தார். உம்மாவின் தம்பி. வாப்பா சவூதியில் இருந்ததால், மாமா வந்தால்தான் எங்கள் வீடு கலகலக்கும். வந்த நாலாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பேட்ஜ் குத்திய அக்கா வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். மலேரியாதான். காய்ச்சலுக்கு மூன்று நாள் மருந்து. அதோடு, ஈரலில் ஒளிந்துகொள்ளும் கிருமிக்காகப் பதினாலு நாளைக்கு இன்னொரு மாத்திரை.

தினமும் நேரில் வந்து விழுங்க வைப்பது அக்காவின் வேலை. குற்றாலத்தில் சீசன் கூட்டம். காய்ச்சல்காரர்களைத் தேடி லாட்ஜ் லாட்ஜாக அலைந்துகொண்டிருந்தவர், பதினாலு கட்டம் போட்ட அட்டையை என்னிடம் கொடுத்தார்.

"சாப்பிட்ட பெறவு குடுக்கணும். மாமா முழுங்குதத ஒங் கண்ணால பாத்தாத்தான் டிக்கு போடணும், என்னட்டி?"

ஐந்தாம் நாள் மாமா எழுந்து தலை சீவிக்கொண்டார். "காய்ச்சல்தான் போயிட்டுல்லா, பெறவு எதுக்கு மாத்திர? மலையில உள்ள மூலிகையெல்லாம் கரைஞ்சு வருது, அருவித் தண்ணியில இல்லாத மருந்தா?" என்றார். எங்கள் பக்கத்தில் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது, உம்மாவே தலையாட்டினாள். அன்றிலிருந்து மாத்திரை சாக்கடைக்குப் போனது, நானும் மாமாவும் பைக்கில் ஐந்தருவிக்குப் போனோம். திரும்பும்போது எனக்கு மங்குஸ்தான் பழம். வீட்டுக்கு வந்ததும் ஒரு டிக்.

ஒரே பேனாவில் போட்டால் சந்தேகம் வரும் என்று சில நாள் நீல மையிலும் சில நாள் கறுப்பு மையிலும் போட்டேன். அந்த யோசனையை மாமா சொல்லித் தரவில்லை. முழுக்க என்னுடையது. அட்டையைப் பார்த்த அக்கா, காலை பிரேயரில் என்னை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் கூச்சமே இல்லாமல் நின்றேன்.

சாரல் முடிவதற்குள் மாமாவுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று வெளியே சொல்லாமல் அருவிக்கே போனார். சில வாரத்தில் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை காய்ச்சலில் துவண்டது. ரத்தத்தில் மலேரியா. பிறகுதான் மாமாவுக்கு மலேரியா திரும்பியிருந்ததும் வெளியே வந்தது. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து தேறிவிட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது இன்றும் நான் தலை நிமிர்வதில்லை.

சுகாதாரத் துறைப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து, அக்காவிடம் அட்டையை வாங்கிப் பார்த்தார். "எல்லாத்துலயும் டிக் இருக்கே, நீங்க கூட நின்னு பாத்தீங்களாம்மா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அக்காதான் என்னப் போடச் சொன்னாங்க, சார்."

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தெருவே பார்க்க, அந்த அதிகாரி அக்காவை நிற்க வைத்து ஏசினார். வாங்குகிற சம்பளத்தைப் பற்றியும் சொன்னார், வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். சாச்சியும் அழுதுகொண்டே ஏசினார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜீப் போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"ஒன்ன ஏச மாட்டேன். உம்மாட்டயும் சொல்ல மாட்டேன். மாமா எத்தன மாத்திர தின்னாருட்டி?"

"பதினாலும்."

"நெசமாவா?"

"எங் கண்ணால பாத்தேன் அக்கா."

அவர் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வேறு ஒருவர் வந்தார்.

அக்கா தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மாட்டாமல் தப்பித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது. முழுசாகத் தின்றும் கேட்காத நோயா, பாதியில் விட்ட நோயா என்று தெரிந்தால்தான் மாமாவுக்கு அடுத்த மருந்தைச் சரியாகக் கொடுக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொண்டு, அவர் என் மாமாவுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.