சனிக்கிழமை அளவு

எங்கள் பணிமனையில் என் அண்ணிக்கு ஜோசியக்காரி என்று பெயர். நேரில் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால், "ஜோசியம் இல்ல, கணக்கு. தப்பா வந்தா என் கையெழுத்து இருக்கும், வந்து கேளுங்க" என்று பதில் வரும். அவர் ஆயுள் குறிப்பது மனிதர்களுக்கு அல்ல, பேருந்துப் பெட்டிகளுக்கு.

பெட்டி என்று நாங்கள் சொல்வது எரிபொருள் கலத்தை. ஹைட்ரஜனும் காற்றும் உள்ளே போகும், மின்சாரம் வெளியே வரும், புகைக்குப் பதில் குழாயில் தண்ணீர் சொட்டும். முந்நூறு மெல்லிய தகடுகளை அடுக்கி இறுக்கிய சாமான் அது. ஓட ஓட அதற்கும் வயதாகும். ஒரே சுமைக்குப் போன மாதம் தந்த வோல்ட்டை இந்த மாதம் தராது. அண்ணி மாதம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் அளந்து, இறங்கும் கோட்டை நீட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பார். ஒற்றை எண்ணாக எழுதமாட்டார். "இதுக்கும் இதுக்கும் நடுவில்" என்பார். அதில் சின்ன எண்ணைத் தொட்டதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அது விதி.

என் அண்ணன், அதாவது அவருடைய கணவன், ஏழாம் நம்பர் பேருந்தின் ஓட்டுநர். அந்த வண்டி புதிதாக வந்த அன்று இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து உட்கார்ந்தவனே அவன்தான். ஓய்வுபெறப் பதினைந்து வாரம் இருந்தது. கடைசி நாள் வரை ஏழாம் நம்பரைத்தான் ஓட்டுவேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வாரம் அறுபது மணி என்றால் தொள்ளாயிரம் மணி. அண்ணி கடைசியாக எழுதியது ஆயிரத்து நூறுக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் நடுவில். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வண்டி பழைய மாடல், மாற்றுப் பெட்டி கிடையாது. நிறுத்தினால் உடைசலுக்குத்தான் போகும்.

அவன் தங்கை நான் அங்கே நேரக் காப்பாளர். யாருக்கு எந்த வண்டி, எந்த வண்டி என்றைக்கு அளவுக்குப் போவது, எல்லாம் என் கையில். வீடும் ஒன்றுதான், நான் மாடியில், அவர்கள் கீழே. காலைச் சாப்பாடு மூவருக்கும் கீழே. வினை அங்கேதான் வந்தது.

அன்று சனிக்கிழமை. அண்ணன் வழக்கம்போல் வண்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"திங்கக்கிழமை காலையில பாலம் ஏறுறதைப் பாக்கணுமே, புது வண்டி தோத்துடும். சனிக்கிழமை சாயங்காலந்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதனாலதான் அளவுக்கு எப்பவும் திங்கக்கிழமையா கேட்டு வாங்கிடுறேன்."

தவளை தன் வாயால் கெடும். அண்ணி தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்பவுமா?"

"ஆமா. இவதான் மாத்திக் குடுப்பா."

பாவி, என்னைக் கை காட்டினான். உண்மைதான். அண்ணன் கேட்டால் கொடுக்காமல் இருப்பேனா? இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அண்ணி நோட்டை எடுத்து வந்து, செல்போன் காலண்டரைத் திறந்து தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினோரு அளவு. பதினொன்றும் திங்கட்கிழமை. படிவத்தில் தேதி எழுத இடம் உண்டு, கிழமை எழுத இடமில்லை.

ஞாயிறு ஏழாம் நம்பர் ஓடாது. ஒரு நாள் சும்மா கிடந்தால் பெட்டி தேறிவிடும். இழந்த வோல்ட்டில் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் தங்காது, இரண்டு நாள் ஓடினால் மறுபடி போய்விடும். காய்ச்சல்காரன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் நெற்றியை நீட்டின கதைதான்.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"நல்லா இருக்கும்போது காட்டணும்னு நெனச்சேன். போட்டோ எடுக்கப் போறவன் தலை சீவிக்கிட்டுப் போறதில்லையா?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. "இன்னிக்கு சாயங்காலம் ஓட்டம் முடிஞ்சதும் வண்டியை நேரா என் ரூமுக்குக் கொண்டு வாங்க" என்றார்.

கொண்டு வந்தான். சனிக்கிழமை எண் வேறாக இருந்தது. அண்ணி இரண்டு முறை அளந்தார். பிறகு எழுதினார்: நானூறுக்கும் அறுநூறுக்கும் நடுவில்.

நானூறு மணி என்றால் ஏழு வாரம்கூட இல்லை. பாக்கி எட்டு வாரம் அண்ணன் வேறு வண்டி ஓட்ட வேண்டும்.

"கொஞ்சம் பாத்து எழுதக் கூடாதா?" என்று வீட்டில் கேட்டான்.

"பாத்துத்தான் எழுதினேன்."

அதோடு பேச்சு நின்றது. அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். தட்டு வந்தால் சாப்பிடுவான், உப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்பான். உப்பு அண்ணி கையருகில்தான் இருக்கும்.

பதினோரு மாதம் ஏன் தப்பாக எழுதினீர்கள் என்று மேலாளர் விளக்கம் கேட்டார். அண்ணி ஒரே வரியில் பதில் கொடுத்தார்: கிழமையைக் கவனிக்காதது என் தவறு. அண்ணன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய சோதனைக்கூடப் பொறுப்பாளர் பதவி தள்ளிப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

நானூறாவது மணியில் ஏழாம் நம்பர் நின்றது. அண்ணனுக்கு இருபதாம் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், முகம் பார்க்கவில்லை.

அண்ணி பெட்டியைக் கழற்றிச் சோதனை மேடையில் மாட்டினார். தான் எழுதியது சரியா என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுவது அவர் வழக்கம். அண்ணன் ஓட்டிய ஒரு நாளின் பதிவை எந்திரத்தில் போட்டார். எங்கே நின்றான், எங்கே மிதித்தான், எல்லாம் அதே நேரத்தில், அதே அளவில் பெட்டியின் மேல் சுமையாக ஏறும். தினம் பத்து மணி நேரம், ஞாயிறு ஓய்வு.

இரண்டாவது சனிக்கிழமை மாலை. அண்ணன் சீக்கிரம் ஓட்டம் முடித்து என்னிடம் சாவி கொடுக்க வந்தான். "உன் வண்டி உள்ள ஓடுது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அண்ணி திரும்பிப் பார்த்தார்.

திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தன்னையறியாமல் முணுமுணுக்க ஆரம்பித்தான்.

"இது சந்தை ஸ்டாப்... இது ஆஸ்பத்திரி சிக்னல்..." வலது கால் தரையை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. கோடு மேலே போகத் தொடங்கியது. "பாலம்" என்றான்.

கோடு பாதி உயரம் போயிருக்கும். திரையில் ஒரு தகட்டின் எண் சிவப்பானது. பக்கத்தில் இன்னொன்று. எந்திரம் தானாக அணைந்தது. அந்தச் சனிக்கிழமை அளவிலிருந்து எண்ணிய மணிக் கணக்கு ஐநூற்றுப் பதினெட்டில் நின்றது.

அண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணியிடம் நேராகப் பேசினான்.

"இது எத்தனை மணி டிரிப்பு?"

"ஆறு மணி."

"ஆறு மணி டிரிப்புல நிக்க எடமிருக்காது. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு டெய்லி என் பின் சீட்டுல உக்காரும். பாலத்துல லாரிக்காரன் முதுகை ஒட்டிக்கிட்டே வருவான்." சிவப்பு எண்ணைக் கை காட்டினான். "இன்னிக்குத் தேதிக்கு நாந்தானே ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்?"

"ஆமா" என்றார் அண்ணி. "அந்த நெனப்புலதான் எழுதினேன்."

திங்கட்கிழமை காலை அண்ணன் மேலாளர் அறைக்கு ஒரு கடிதத்தோடு போனான். அளவுக்குத் திங்கட்கிழமையைக் கேட்டு வாங்கியது ஓட்டுநர், அளவெடுத்தவருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தான். 'கொடுத்தது நேரக் காப்பாளர்' என்று கீழே நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, வரவேண்டியதுதான். இப்போது படிவத்தில் கிழமைக்கும் இடம் இருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி கேட்டார்: "ஓய்வுபெறப் போற நேரத்துல மேலாளருக்கு லெட்டராமே. கொஞ்சம் பாத்து எழுதியிருக்கக் கூடாதா?"

அண்ணன் கையை நீட்டி அண்ணியிடமிருந்து உப்பை வாங்கிக்கொண்டான்.

"பாத்துத்தான் எழுதினேன்" என்றான்.