பம்பு மிதந்த ஞாயிற்றுக்கிழமைகள்

எனக்கு ஒன்பது வயதானபோது நான் ஒரு திருடி என்று எங்கள் வீட்டில் முடிவானது. திருட்டுப் போன பொருள் என்னுடைய சொந்த மருந்து. திருடவில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. போகப் போக எனக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது புனேயில், ஹடப்சரில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தார். நாள் முழுக்க இரும்புச் சாமான்களுக்கு ஸ்ப்ரே அடிக்கும் வேலை. கோயம்புத்தூரை விட்டு வந்து நாலு வருஷமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் எந்தப் பேச்சும் 'பர்மனென்ட் ஆனதும்' என்றுதான் ஆரம்பிக்கும். பர்மனென்ட் ஆனதும் ஃப்ரிட்ஜ், பர்மனென்ட் ஆனதும் எனக்கு சைக்கிள்.

எனக்கு வீசிங். புனேயின் முதல் குளிருக்கே மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. ஊரிலிருந்து வரும் ஆடாதொடை இலையில் அம்மா கஷாயம் வைப்பாள். நான் வாயை இறுக்க மூடிக்கொள்வேன். அப்பா முதலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "தேனாட்டம் இருக்குது கண்ணு" என்பார். அந்த விஷயத்தில் அப்பா கைதேர்ந்த பொய்யர். நானும் ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன்.

கஷாயத்துக்குக் கேட்காமல் போனபோது மராத்திக்கார டாக்டரம்மா நீல நிற இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அதற்குப் பெயர் பம்பு. பம்பு பழகிவிட்டால் விடாது என்று யாரோ சொல்லி வைத்ததால் அம்மாவுக்கு அதன்மேல் சாராயத்தின்மேல் இருக்கிற பயம் இருந்தது. நான் ஒருமுறை அழுத்தினால் சமையலறைக் காலண்டரில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். பால் வராத நாளுக்கு நீலப் பெருக்கல் குறி, எனக்குச் சிவப்புப் புள்ளி.

உள்ளே எவ்வளவு மருந்து மிச்சம் என்று பார்க்க அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. பிளாஸ்டிக் கூட்டிலிருந்து உலோகக் குப்பியை உருவித் தண்ணீரில் போட வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் நிறைய இருக்கிறது. தலைகீழாக நின்றால் பாதி. படுத்துக்கொண்டு மிதந்தால் காலி. அது சரியான கணக்கே இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். எங்களுக்கு அதுதான் கோர்ட். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, பழைய ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவைத்து மூன்று பேரும் குனிந்து பார்ப்போம்.

அந்தக் குளிர்காலத்தில் காலண்டரில் புள்ளிகள் குறைவாக இருந்தன, குப்பியோ படுத்துக்கொண்டு மிதந்தது.

"எனக்குத் தெரியாம எத்தனை தடவ அடிச்சே? உண்மையச் சொல்லு" என்றாள் அம்மா.

இல்லை என்றேன். அப்பா குப்பியை எடுத்துத் துண்டில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

டாக்டரம்மாவிடம் போனோம். இவ்வளவு மருந்து செலவாகிறதென்றால் நோய் முற்றுகிறது, வீட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, தேடிப் பாருங்கள் என்றார். அம்மா தேடினாள். என் பஞ்சுத் தலையணை போனது. காது கிழிந்த கரடி பொம்மை போனது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றது. பால்கனியில் முட்டையிட்டிருந்த புறாவை விரட்டினாள். தெருவில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் கோலா, தயிர், வாழைப்பழம் எல்லாம் தடை. உண்மையில் எனக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. மூன்று மாடி ஓடி ஏறினேன். ஆனால் அடுத்த குப்பியும் மிதந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் சிங்கட் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் போகும் பிக்னிக் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

 பம்பைத் தொடுவது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நான் தொடவில்லை. அப்படியென்றால் தூக்கத்தில் எழுந்துபோய் நானே அடிக்கிறேன் என்று முடிவுக்கு வந்தேன். என்னை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. என்னிடமிருந்து பம்பைக் காப்பாற்ற, ஒருநாள் சாயங்காலம் அதை அலமாரியிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தேன். தூக்கத்தில் அந்த இறுக்கமான மூடியைத் திறக்க என்னால் முடியாது அல்லவா.

காலையில் விழித்தபோது, பால் வராததால் அம்மா பால் பூத்துக்குப் போயிருந்தாள். அப்பா கம்பெனிச் சட்டையோடு அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். காலண்டருக்குப் பின்னால், டி.வி.க்கு மேல், என் ஸ்கூல் பையில். பிறகு செருப்பு ஸ்டாண்டின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"பம்பு எங்க கண்ணு?" சத்தமே வரவில்லை.

சோதனை போடுகிறார் என்று நினைத்தேன். இப்போது எடுத்துக் கொடுத்தால் ஒளித்ததும் நான், திருடியதும் நான் என்று ஆகிவிடும். பிக்னிக் கண்முன் வந்தது.

"தெரியலீங்கப்பா."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் கம்பெனி ஜீப்பில் வந்த ஒருவர் அம்மாவிடம் இந்தியில் ஏதோ சொல்லிக் கூட்டிப் போனார். பெயிண்ட் ஷாப்பில் அப்பா மூச்சுவிட முடியாமல் சரிந்துவிட்டாராம். என்னைப் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் மெதுவாக எங்கள் வீட்டுக்குப் போய், அரிசி டின்னிலிருந்து பம்பை எடுத்து, ஊதித் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அது எங்கே போயிருந்தது என்று அதற்குப் பிறகு யாருமே கேட்கவில்லை.

அப்பா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பர்மனென்ட் பட்டியலில் அந்த வருஷம் அவர் பெயர் இல்லை. மூச்சு சரியில்லாதவரை அந்த வேலையில் வைக்கமாட்டார்களாம். சாயங்காலங்களில் அம்மா என்னைத் திட்டவில்லை, அப்பாவோடும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பார்த்தால் மேஜையில் இரண்டு ஊறுகாய் பாட்டில்கள். இரண்டிலும் ஒவ்வொரு குப்பி, இரண்டும் அடியில். என் வியாதி இரண்டு மடங்காகிவிட்டது என்று நான் ஓவென்று அழுதேன்.

"அழுகாத. ஒண்ணு அப்பாவுக்கு" என்றாள் அம்மா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கஷாயத்தை எனக்கு முன்னால் குடித்துக் காட்டுகிற மாதிரி, பம்பையும் எனக்குத் துணையாகக் குடிக்கப்போகிறார். அப்பாவின்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். நன்றாகக் குலுக்கவேண்டும், மூச்சை வெளியே விடவேண்டும், அழுத்தும்போதே உள்ளே இழுக்கவேண்டும், பத்து எண்ணும்வரை விடக்கூடாது. புது விஷயத்தைக் கேட்பவர்போல் ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையாட்டினார்.

பிறகு பம்பை வாயில் வைத்து, முதல் தடவையிலேயே, ஒரு துளி புகைகூட வெளியே கசியாமல் இழுத்துக் காட்டினார். எனக்கு அது வர இரண்டு மாசம் ஆகியிருந்தது. அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.