தண்ணி வரிசையில் ரெண்டு நாள்

ஆராய்ச்சித் தோட்டத்தில் எனக்குக் கொடுத்த வேலை தண்ணி ஊத்துறது. நாற்பது சாடி, எல்லாம் கொச்சிக்காய், அதுதான் மிளகாய்க் கன்று. மேலே பொலிதீன் கூரை, சுத்தி வலை. இருபது சாடிக்கு நீல டேப், இருபதுக்குச் சிவப்பு. நீலத்துக்குத் தினம் காலையில் ஒரு கோப்பை நிறைய. சிவப்புக்கு நாலு நாளைக்கு ஒருக்கா கால் கோப்பை. ஒன்று தண்ணி வரிசை, மற்றது காயுற வரிசை. அப்படித்தான் நான் சொல்லுவேன்.

தூணில் ஒரு அட்டை தொங்கும். நாளுக்கு ஒரு கட்டம். நீலத்துக்கு ஊத்தினால் சரி போடணும், ஊத்தாவிட்டால் வட்டம் போடணும். நான் நாலாம் வகுப்பு. அதுக்கு அது போதும்.

வடக்கே வன்னியில் கடைசிச் சண்டை நடந்த காலம் அது. ரோட்டில் எங்கும் சோதனை. நான் இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கவ்வாத்து வெட்டி, பெண்சாதி செத்த பிறகு தோட்டம் தந்த லயத்து அறையை விட்டு வந்தவன். பிள்ளை இல்லை. ஆராய்ச்சித் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தேன். வேலைக்குக் கடிதம் கிடையாது. நாளைக்கு வராதே என்றால் அவ்வளவுதான்.

டிராக்டர் ஓட்டுறவன் வலைக்கு வெளியே நின்று கேட்பான்.

"என்ன மாமா, புள்ளைகளுக்குப் பால் குடுத்தாச்சா? செவப்பு மட்டும் மாத்தாந்தாய்ப் புள்ளையா?"

நான் கோப்பையை வாளியில் முக்கிக்கொண்டு அடுத்த சாடிக்குப் போவேன்.

சாடியெல்லாம் ஒரு மிஸ்ஸுடையது. மாத்தளை டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தார். திங்களும் வியாழனும் வருவார். சனி, ஞாயிறு அந்த வலைக்குள் நான் மட்டும்தான்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "எதுக்கு மிஸ் இந்தக் கன்ன வாட விடுறோம்?"

அவர் குனிந்து ஒரு சிவப்புச் சாடியின் இலையைத் தொட்டார்.

"வாடுறப்ப உள்ள என்ன செய்யுதுன்னு பாக்கத்தான் அண்ணே. ஒவ்வொரு செடிக்குள்ளயும் ஒரு நீள நூல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. என்னென்ன வேலை செய்யணும்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கு. தண்ணி குறைஞ்சா, செடி ஒரு புரதத்தக் கூட்டிச் செய்யும். அது விரல் மாதிரி மடிஞ்சிருக்கும். மடிப்பு கலையாம இருக்க நடுவுல ஒரு பொட்டு சிங்க்."

"தகரத்துக்குப் பூசுறாங்களே, அந்த சிங்க்கா?"

"அதேதான்."

"எங்க லயத்துக் கூரையிலயும் அது இருந்துச்சு மிஸ். ஒழுகத்தான் செஞ்சுது."

சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொழுந்து பறிக்கிறவங்க விரல் செடி முழுக்கத் தடவும். கிள்ளுறது சரியான எடத்துலதானே? இதுவும் அப்பிடித்தான். நூலோட பள்ளத்துல விரல வச்சுத் தேடும். தனக்குப் பொருந்துற எழுத்து வந்தா அங்க புடிச்சுக்கும். புடிச்ச எடத்துல வேலை தொடங்கும். இலையோட வாய மூடு, உள்ள இருக்கிற தண்ணியக் காப்பாத்துன்னு. சில விரல் புடிச்சா வேலை நிக்கும்."

"அப்ப எந்நேரமும் புடிச்சுக்கிட்டே இருந்தா நல்லதுதானே?"

"இல்ல அண்ணே. அப்ப செடி வளராது. குட்டையா நிண்டுடும்."

அன்றைக்கு ராத்திரி சோறு தின்னும்போது என் பெண்சாதியின் விரல் ஞாபகம் வந்தது. அவள் பார்க்காமலே பறிப்பாள். முகம் ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம், விரல் தானாகப் போய்க் கொழுந்தில் நிற்கும்.

மிஸ்ஸுக்கு இருந்தது அந்த ஒரு போகம்தான். தண்ணி வரிசையில் அந்தப் புரதம் குறைவாகவும் காயுற வரிசையில் கூடவும் இருக்கிறது என்று காட்டினால்தான் அவருடைய படிப்பு நகரும். "காட்டாட்டி என் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்று சொல்லியிருந்தார். இலை கிள்ளுகிற நாளாக ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார். அதுவரை அட்டையில் வட்டம் விழக்கூடாது என்றார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து சாமான் வாங்க மாத்தளைக்குப் போனேன். திரும்பும்போது பொலிஸ் சோதனையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என்னுடையதில் பழைய தோட்டத்து விலாசம். பர்ஸில் ஒரு கடுதாசியும் இருந்தது. எழுபத்தேழாம் வருசக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன என் தம்பி எழுதினது. மடிப்பெல்லாம் கிழிந்து, எழுத்து மங்கிய கடுதாசி. அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை.

"வன்னியில் யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"தம்பி" என்று சிங்களத்தில் சொன்னேன்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. என்னைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்திருந்து, திங்கட்கிழமை விடியும்போதுதான் போகச் சொன்னார்கள். அடையாள அட்டையைத் தந்தார்கள். கடுதாசியைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நேரே வலைக்குள் போனேன். தண்ணி வரிசை முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தது. நீல டேப் இல்லாவிட்டால் எது எந்த வரிசை என்று சொல்ல முடியாது. இருபது சாடிக்கும் ஊத்தினேன். எட்டு மணிக்குத் தண்டு நிமிர்ந்தது. ஒன்பதரைக்கு இலை விரிந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன.

அட்டையில் ரெண்டு கட்டம் காலி. தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் என்கிற வரவுப் புத்தகத்தில் கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தாயா, செத்த வீட்டுக்குப் போனாயா என்று எவரும் கேட்க மாட்டார்கள். காலியாக விட முடியாது. வட்டம் போட்டால் எங்கே போனாய் என்று கேட்பார்கள். பொலிஸ் பிடித்த ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? பென்சிலை எடுத்தேன். சனிக்கு ஒரு சரி, ஞாயிறுக்கு ஒரு சரி.

பத்து மணிக்கு மிஸ் வந்தார். நெருப்பில்லாமல் குளிரில் புகைகிற ஒரு குடுவையும் கொண்டு வந்தார். ஒவ்வொரு சாடியிலும் இலை கிள்ளிச் சின்னக் குழாயில் போட்டு, அந்தப் புகைக்குள் அமுக்கினார். அட்டையைப் பார்த்தார்.

"ஒரு வட்டமும் இல்ல. அண்ணன் மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்றார்.

மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை, கையில் ஒரு படத்தோடு வந்தார். சாடி ஒன்றும் பார்க்காமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். படத்தில் கறுப்புக் கோடுகள்.

"கறுப்பாத் தெரியுற எடத்துல புரதம் இருக்கு அண்ணே. காயுற வரிசையில வரணும், வந்திருக்கு. தண்ணி வரிசையில வரவே கூடாது. அதுலயும் வந்திருக்கு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"குழாய நான் மாத்தி வச்சிருக்கேன். வேற என்ன? கை சரியில்லாத ஆளுக்கு இந்த வேல எதுக்குன்னு எனக்குப் படிப்பிக்கிற சேர் கேக்குறாரு. நாளைக்குப் போய் என் பிழைதான்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

இலை நிமிர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே விரல் பிடித்த பிடி விட்டிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மிஸ் கிள்ளியிருக்கிறார்.

தூணில் தொங்கிய அட்டைப் பக்கம் போய் நின்றேன்.

"நீலச் சாடிக்கு ரெண்டு நாள் தண்ணி இல்ல, மிஸ்."

"அட்டையில சரி இருக்கே."

"நான் போட்டது. பொய்."

"எங்க போனீங்க?"

"வச்சிருந்தாங்க."

அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல் போதும். மிஸ் படத்தை மடியில் வைத்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்ல." அது முழு உண்மை இல்லை.

"ரெண்டு நாளு யாருமே தேடலியா?"

"தேட ஆள் வேணுமே, மிஸ்."

அவர் படத்தைத் திரும்ப எடுத்து, நீல வரிசைக் கோடுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "அப்ப என் கை சரி" என்று மெதுவாகச் சொன்னார். "இலையும் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா இத வச்சு ஒண்டும் எழுத ஏலாது. திரும்ப விதை போடணும். டைம் கேக்கணும்."

"என் பேரச் சொல்லுங்க. என்னை நிப்பாட்டட்டும்."

"உங்கள நிப்பாட்டிட்டு யாரு ஊத்துறது? அந்த டிராக்டர்காரரா?"

எழும்பி அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ரெண்டு சரியையும் அழித்து வட்டம் போட்டேன். வட்டம் சரியாக வரவில்லை, முட்டை மாதிரி வந்தது.

"இனி வர முடியாட்டி வட்டம் போடுங்க. காரணம் எழுத வேணாம்" என்றார். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டார். என் பேரை மிஸ் எவரிடமும் சொல்லவில்லை. தண்ணி தவறியது என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டு, ரெண்டு மாதம் வாங்கி வந்தார்.

ரெண்டாந்தரம் கன்று வளர்த்தபோது நான் ஒருநாளும் டவுனுக்குப் போகவில்லை. சாமானை டிராக்டர்காரன் வாங்கி வந்து தந்தான். படத்தில் கோடு வரவேண்டிய இடத்தில் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு மிஸ் வரவில்லை. படிப்பு முடிந்திருக்கும். வலையைக் கழற்றினார்கள், என்னைப் புல் வெட்டப் போட்டார்கள்.

அந்த ரெண்டு நாள் என்னை வைத்திருந்த இடத்தில் எந்தப் புத்தகத்திலும் என் பேரை எழுதவில்லை. எழுதியது மிஸ்ஸுடைய அட்டையில்தான், ரெண்டு முட்டையாக.

முதல் தடவைச் சாடிகளைக் கொட்டச் சொன்னபோது, நீலத்தில் ரெண்டு கன்றை எடுத்து என் அறைக்குப் பின்னால் நட்டிருந்தேன். குட்டையாகத்தான் வளர்ந்தன. காய் சின்னது, உறைப்பு கூட. ஒரு ஆளுக்கு ரெண்டு செடிக் காய் அதிகம். மிச்சத்தைச் சாக்கு விரித்து வெயிலில் காயப் போட்டேன்.